டயரிலிருந்து தொடங்குங்கள்

அளவெடுத்துச் சைக்கிள் செய்துகொள்ள ஆசைப்படுபவர் முதலில் வரைவது ஃபிரேமைத்தான். நானும் அப்படித்தான் வரைந்தேன். வண்டி அழகாகவே வந்தது. பின்டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மட்கார்டு நுழைய இடமில்லை என்பது முதல் மழையில் தெரிந்தது. சட்டை முதுகில் கழுத்துவரை சேறு.

ஆகவே டயரைத் தீர்மானித்துவிட்டு ஃபிரேமுக்கு வாருங்கள். சென்னைத் தெருக்களின் வேகத்தடைகளுக்கும் அரைகுறையாக மூடிய பள்ளங்களுக்கும் 35 முதல் 40 மி.மீ. அகலம் வேண்டும். அதற்குமேல் மட்கார்டுக்கும் இடம் கேளுங்கள்.

டயர் அளவில் ஒரு கண்ணி உண்டு. பழைய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இதுவும் 28 அங்குலம்தான் என்று விற்கப்படும் 700சி ரிம்மோ 622. ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். முன்னது அகலம், பின்னது விட்டம்.

அடுத்தது கியர். மேம்பாலங்களை விட்டால் நம் ஊரில் ஏற்றம் ஏது? முன்னால் 44 பல், பின்னால் 18 பல், மேற்சொன்ன டயர் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. இதற்கு ஒரே கியர் போதும். மேம்பாலம் மூச்சு வாங்க வைக்கிறதா, பின்ஹப்புக்குள் அடங்கிய மூன்று கியர் போடுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே விற்கத் தொடங்கிய சங்கதி இது. மழையும் தூசியும் எளிதில் உள்ளே போகாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். ஒரே கியரானாலும் ஹப் கியரானாலும் செயினை இழுத்துக்கட்ட, பின்சக்கரத்தின் அச்சு முன்பின் நகரும் நீளமான பிளவு ஃபிரேமில் இருக்க வேண்டும். கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடம்பின் அளவு எளிது. வெறுங்காலோடு சுவரோரம் நின்று, தரையிலிருந்து கவட்டைவரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். பெடல் சுழலும் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை வரவேண்டிய உயரம் அது: 80 செ.மீ. காலுக்கு சுமார் 70.6. பந்தயக்காரருக்குச் சரி, சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றுபவர் இரண்டு செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். ஹேண்டில்பார் சீட்டைவிடச் சற்று உயரமாக இருந்தால் தலை நிமிர்ந்து பஸ்ஸைப் பார்க்க முடியும்.

ஃபிரேமின் மேல்பாரைத் தாழ்த்தலாமா? தாராளமாக. ‘லேடீஸ் சைக்கிள்’ என்று ஒதுக்குபவர்கள், கேரியரில் அரிசி மூட்டையைக் கட்டிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டு ஏறிக் காட்டட்டும்.

கேரியரில் பை தொங்கவிடுபவர் பெடல் சுழலும் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 45 செ.மீ. கேட்கலாம், குதிகால் பையில் இடிக்காது. கேரியர், மட்கார்டு, விளக்கு, பூட்டு என்று திருகாணி ஏறும் இடம் ஒவ்வொன்றையும் பெயின்டுக்கு முன்பே எண்ணிச் சொல்லுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைப் பற்றவைக்கப் போனாலும் சூடு பட்ட இடமெல்லாம் பெயின்ட் கருகிவிடும்.