கூரைக்குள் வெப்பம் போகும் வழி
பழைய வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் சன்னமான செங்கற்களைக் குத்தவைத்து, சாய்வரிசையில் சுண்ணாம்புக் காரையால் பிணைத்திருக்கிறார்கள். அதன்மேல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து நாள்கணக்கில் இடித்து இறுக்கிய செங்கல் ஜல்லி, உச்சியில் தட்டோடு. கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் பழைய வீடுகளுக்குப் போட்ட மெட்ராஸ் டெரஸ் இது. உச்சிவெயிலின் சூடு இத்தனை கனத்தையும் கடந்து அறைக்குள் இறங்க மாலையாகிவிடும். அருமையான வேலை!

பொருள் மட்டுமல்ல, அதை அடுக்கும் விதமும் வெப்பத்தின் போக்கை மாற்றும். வெப்ப மெட்டாமெட்டீரியல் எனப்படும், செயற்கையாக அடுக்கி அமைத்த பொருளுக்கு அடிப்படையே இதுதான். அது இந்தக் கூரையைப் போல வெப்பத்தைத் தாமதப்படுத்துவதோடு நிற்காமல் அதன் திசையையும் திருப்பும். 2012இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் சுப்ரதீப் நாராயணாவும் யூகி சாட்டோவும், வெப்பம் எளிதில் கடக்கும் பொருளையும் கடக்காத பொருளையும் மாறிமாறி வளையங்களாக அடுக்கினார்கள். வெப்பம் நடுப்பகுதியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.