வீட்டு வைபையைப் பம்பறைக்கு எடுத்துச் செல்லல்

பின்வளவுக் கட்டடம் என்றால் நெல்மூடையும் மண்வெட்டியும் தெளிகருவியும் வைக்கும் இடம் என்ற நிலை மாறி வருகின்றது. பசுமை இல்லத்தில் தக்காளியும் குடைமிளகாயும் செய்யும் கமக்காரர் சிலர், பம்பறையிலே துளிநீர்ப் பாசனத்தை நேரந்தவறாது நடத்தும் சிறு கட்டுப்பாட்டுக் கருவியொன்றைப் பொருத்தியுள்ளனர். பம்பு நின்றாலும், தாங்கியில் நீர் வற்றினாலும், இல்லத்தினுள் வெப்பம் மிஞ்சினாலும் அக்கருவி அவர்களுடைய கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். அச்செய்தி புறப்படவேண்டுமாயின் வீட்டு வைபை பம்பறையை எட்டவேண்டும். பல வளவுகளில் அது எட்டுவதில்லை.

இதனைச் சிறு குறையென விட்டுவிடுதல் தகாது. நிலத்தில் நட்ட செடிக்கு ஒருவேளை நீர் தவறினால் மண்ணின் ஈரம் அதனைத் தாங்கிக்கொள்ளும். தென்னந்தும்புத் தூள் நிரப்பிய பையில் வளரும் செடிக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. நாளொன்றுக்குப் பலமுறை நீர் பெற்றே அது பிழைக்கின்றது. சித்திரை மாதத்து நண்பகலிற் பம்பு நின்று, அந்த விபரம் மாலைவரை தெரியாதிருக்குமாயின், செடி வாடுவதோடு பூவும் பிஞ்சும் உதிரும். ஒரு பருவத்து வருமானம் ஒரு பிற்பகலிற் குறைந்துவிடலாம்.

எட்டாத வைபைக்குக் கமக்காரர் முதலிற் செய்வது, விலைகூடிய புதிய ரவுட்டரொன்றை வாங்குவதாகும். இது பெரும்பாலும் வீண்செலவு. ரவுட்டர் பலத்த குரலிற் பேசினாலும், பம்பறையிலுள்ள சிறு கருவியின் மெல்லிய குரல் திரும்பி வீட்டை எட்டினாலன்றித் தொடர்பு நிலைக்காது. குறை பெட்டியில் இருப்பதிலும் இடைவெளியில் இருப்பதே அதிகம்.

இடையில் நிற்பவை எவை?

வீட்டுக்கும் பம்பறைக்கும் இடையே நேர்கோடொன்றை மனத்தில் வரைந்து, அக்கோடு எவற்றை ஊடுருவிச் செல்கின்றதென நடந்து பார்த்தல் வேண்டும். மரக்கதவு, அஸ்பெஸ்ரோஸ் தகடு, காய்ந்த கிடுகுவேலி ஆகியன அலையை அதிகம் தடுக்கமாட்டா. சீமெந்துக்கற் சுவர் ஓரளவு தடுக்கும். கம்பி கட்டிய கொங்கிறீற்றுச் சுவர் பெரிதும் தடுக்கும். தகரம் அலையை உட்புகவிடாது திருப்பியனுப்பும். ஆகவே தகர வேலியும் தகரக் கூரையும் உள்ள வளவில், வீட்டு முன்னறையிலுள்ள ரவுட்டரின் அலை பின்வேலியைத் தாண்டுவதை எதிர்பார்த்தல் வீண். பசுமை இல்லத்தின் பிளாஸ்ரிக் வலையைப் பற்றிக் கவலை வேண்டாம். இரும்பு வலை அடித்த கோழிக்கூடு வேறு விடயம்.

பலர் எண்ணிப்பாராதது மரஞ்செடிகளின் ஈரம். நீர் நிறைந்த இலைகள் இந்த அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கன்றாயிருந்த போது இடையூறு செய்யாத வாழைகள், குலை தள்ளும் பருவத்திற் பச்சைச் சுவராகி நிற்கும். வெயிற்காலத்தில் நன்றாய் இயங்கிய தொடர்பு மாரியில் அறுவதற்கு நனைந்த இலைகள் முக்கிய காரணமாகலாம். நிரம்பிய தண்ணீர்த் தாங்கியும் அவ்வாறே தடையாகும்.

ரவுட்டர்கள் பல இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பெட்டியில் 2.4 எனவும் 5 எனவும் குறிக்கப்பட்டிருக்கும், அளவு கிகாஹேர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரையும் இலையையும் கண்டு விரைவிற் சோர்வது. 2.4 வேகத்திற் குறைந்தது, தூரத்தில் நீண்டது. பாசனக் கட்டுப்பாட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவை 2.4 ஒன்றையே அறியும். எனவே அந்த அலைவரிசைக்கு வேறு பெயரிட்டு, கருவியை அதனோடு இணைத்தல் நன்று.

இடத்தை அளந்து பார்க்கவும் வழியுண்டு. அலையின் வலிமையை எண்ணாற் காட்டும் இலவசச் செயலிகளைக் கைத்தொலைபேசியில் ஏற்றலாம். எண் மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை நம்பத்தக்கது. மைனஸ் 80ஐ அடைந்தால் தொடர்பு இருந்தும் இல்லாதது போலாம். வீட்டிலிருந்து பம்பறை வரை பத்தடிக்கு ஒருமுறை நின்று எண்ணைக் குறித்துக்கொண்டால், எந்த இடத்தில் அலை திடீரென விழுகின்றது என்பது தெரியவரும். சில வளவுகளில் இந்த நடையே வேலையை முடித்துவிடும். முன்னறையின் மூலையில், அலுமாரிக்குப் பின்னாற் கிடந்த ரவுட்டரைப் பின்பக்க யன்னலருகே உயரத்தில் மாட்டியதும் தொடர்பு கிடைத்துவிடலாம். செலவு ஓர் ஆணியும் சில அடிக் கம்பியும் மாத்திரமே.

ரிப்பீட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை

கடைகளில் எளிதிற் கிடைப்பதும், விற்பவர் முதலில் எடுத்துக் காட்டுவதும் ரிப்பீட்டர் என்னும் சிறு பெட்டியாகும். இது வரும் அலையைப் பெற்று மீண்டும் பரப்புவது. ஒரே வரிசையிற் கேட்டுப் பேசும் மலிவான வகைகளில் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பாசனக் கருவிக்கு அவ்வேகம் தாராளமாகப் போதும். பம்பறையிற் கமெரா பொருத்த எண்ணுபவருக்குப் போதாது.

இதை வாங்குவோர் பலர் அலை இல்லாத பம்பறையிலேயே அதனைச் செருகி வைத்து, பயனில்லை எனக் குறை கூறுவர். கிணற்றில் நீர் இல்லையேல் பம்பு எதனை இறைக்கும்? அலை இன்னும் வலுவாயுள்ள இடைவழியில், வீட்டின் பின்விறாந்தை போன்ற இடத்தில், அதனை வைத்தல் வேண்டும். விறாந்தையிலிருந்து பம்பறை நேரே தெரியுமாயின் இம்முறை சிக்கனமானது. தெரியாவிடிற் பணத்தை வேறு வழிக்குச் சேமித்துக்கொள்க.

பம்பறைக்கு மின்சாரம் வீட்டு மீற்றரிலிருந்தே செல்லுமாயின், மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் சோடிப் பெட்டிகளும் உண்டு. எனினும் பம்பு மோட்டரின் குழப்பம் அதே கம்பியில் ஏறுவதாலும், மூன்று கட்ட மின்சாரத்தில் இரு முனைகளும் வெவ்வேறு கட்டத்தில் அமையக்கூடும் என்பதாலும், பம்பறைக்கு இதனை நாம் விதந்துரைப்பதில்லை.

கேபிள் புதைத்தல்

100 மீற்றருக்கு உட்பட்ட தூரமாயின், எல்லாவற்றிலும் உறுதியானது கேபிளே. வீட்டு ரவுட்டரிலிருந்து கெட்-6 வகைக் கேபிளை மண்ணுக்குக் கீழாகக் கொண்டுசென்று, பம்பறையில் அக்சஸ் பொயின்ட் எனப்படும் அலைபரப்பும் பெட்டியோடு இணைத்துவிட்டால், மழையும் வாழையும் அதனை ஒன்றுஞ் செய்யமாட்டா. 100 மீற்றர் என்பது சுவரில் ஏறி இறங்கும் நீளமும் சேர்ந்த கணக்காகும்.

கேபிளை வாங்கும்போது இரண்டைக் கேட்டறிக. உட்கம்பி முழுச் செம்பாயிருத்தல் வேண்டும். செம்புப் பூச்சிட்ட அலுமினியம் மலிவு, ஆயின் நீண்ட தூரத்துக்கு ஏற்றதன்று. மேலுறை வெளியிடத்துக்கென ஆக்கப்பட்ட கறுப்பு உறையாயிருத்தல் வேண்டும். வீட்டினுள் உபயோகிக்கும் சாம்பல்நிறக் கேபிள் வெயிலில் வெடித்து, ஈரத்தை உள்வாங்கும்.

புதைக்கும் ஆழம் ஒன்றரை அடிக்குக் குறையலாகாது. இரு சில்லு உழவு யந்திரம் ஓடும் தறையையும், மண்வெட்டியாற் கொத்தும் பாத்தியையும் தவிர்த்து, வேலியோரமாய்க் கொண்டு செல்க. அகிழானும் எலியும் உறையைக் கொறிக்குமாதலால், பி.வி.சி. குழாயினுள் இடுதல் அவசியம். குழாயினுள் ஒரு நைலோன் கயிற்றையும் சேர்த்து விட்டால், பின்னொருநாள் வேறு கேபிளை இழுத்தல் எளிதாகும். மண்ணுக்குள் எக்காரணங்கொண்டும் ஒட்டு வைத்தலாகாது. பம்புக்குச் செல்லும் மின்கம்பி அதே வழியிற் புதைந்திருக்குமாயின் குறைந்தது ஓரடி விலகிச் செல்க. குறுக்கிட நேர்ந்தாற் செங்கோணமாய்க் குறுக்கிடுக. வலிகாமத்துச் செம்மண் நிலங்கள் சிலவற்றிற் சுண்ணாம்புக்கல் அதிக ஆழத்தில் இல்லாமையால், ஒன்றரை அடி வெட்டுதல் இயலாமற் போகலாம். அவ்விடங்களில் தடித்த குழாயை மதிலின் அடியோடு பொருத்தி, கல்லுஞ் சீமெந்துஞ் சேர்த்து மூடிவிடலாம்.

இடிமின்னல்

செம்புக் கேபிளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது இணையத்தை மாத்திரமன்றி மின்னலின் வேகத்தையும் ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குக் கடத்தவல்லது. மின்னல் கேபிளில் நேரே விழ வேண்டியதில்லை. அருகிலுள்ள பனையிலோ தென்னையிலோ விழுந்தாலும் போதும். அவ்வேளை வீட்டு நிலத்துக்கும் பம்பறை நிலத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றி, கேபிள் வழியே பாய்ந்து இருபுறத்துப் பெட்டிகளையும் எரித்துவிடும். அவற்றைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. நமது நாட்டில் பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. பசுமை இல்லத்துக்கு எச்சரிக்கைக் கருவி மிகவும் தேவைப்படும் சித்திரையும் அவற்றுள் ஒன்றென்பது கவனிக்கத்தக்கது.

ஆகவே செம்புக் கேபிள் இடுவோர் இரு முனையிலும் மின்வேகத் தடுப்பான் பொருத்தி, அதனைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு நிலத்தொடர்பு செய்வித்தல் வேண்டும். நிலத்தொடர்பில்லாத தடுப்பான் வெறும் அலங்காரமே. வானம் கறுக்கும்போது இரு முனைகளையும் கழற்றிவிடுதல் மேலும் நன்று. இடி முழங்கத் தொடங்கிய பின் பம்பறைக்கு ஓடிச்சென்று கழற்ற முயலற்க. பெட்டியை மீண்டும் வாங்கலாம்.

புதிதாய்ப் புதைப்போருக்கு எமது ஆலோசனை ஒளியிழையாகும். பைபர் எனப்படும் இது கண்ணாடி இழையால் ஆனது, மின்சாரத்தைக் கடத்தாது. உலோகப் பலக்கம்பி சேராத வகையைக் கேட்டு வாங்கின், மின்னல் இதன்வழியே ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குச் செல்ல வழியில்லை. 100 மீற்றர் என்னும் எல்லையும் இதற்கு இல்லை. இரு முனையும் முன்னரே பொருத்தப்பட்ட நீளமாய் வாங்கின், அதனை ஒட்டும் யந்திரம் தேவைப்படாது. ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி ஒவ்வொரு முனைக்கும் ஒன்று வேண்டும். முழங்கைபோல் மடித்தல் மாத்திரம் ஆகாது. வளைவுகளை அகலமாய் எடுக்க.

கேபிள் செல்லாத இடம்

இடையிற் பொதுவீதியோ வாய்க்காலோ வயலோ உள்ளபோது, இரு சிறு தட்டு அன்ரனாக்களை நேருக்கு நேராய் நிறுத்தி இணையத்தைக் கடத்தலாம். ஒன்று வீட்டுச் சுவரில், மற்றது பம்பறைச் சுவரில். இவை டோர்ச் விளக்கைப்போல் அலையை ஒருமுகப்படுத்துவதாற் பல நூறு மீற்றரும் எளிதிற் செல்லும். ஒரு முனையிலிருந்து மற்றது கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் மாத்திரம் போதாது. 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு, 100 மீற்றர் தூரத்தில், பாதையின் நடுவே நேர்கோட்டைச் சுற்றி எப்புறமும் ஏறக்குறைய 4 அடி வெளியாயிருத்தல் வேண்டும். 500 மீற்றருக்கு அது ஏறத்தாழ 9 அடியாகும். காற்றில் ஆடும் தென்னோலை அவ்வெளியுட் புகுமாயின் தொடர்பு விட்டுவிட்டு அறும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற கருவியைக் கேட்டு வாங்குக.

வீட்டிலிருந்து மைல்கணக்கிற் பிரிந்து கிடக்கும் வயற்கொட்டிலுக்கு இவ்வளவு பாடுபடவேண்டியதில்லை. கைத்தொலைபேசிச் சேவை கிடைக்கும் இடமாயின், சிம் அட்டை இடும் தனி ரவுட்டரே மலிவு.

பொருத்திய பின்

பழைய ரவுட்டரையே பம்பறைப் பெட்டியாக உபயோகிக்கலாம். ஆயின் இரு ரவுட்டர்களும் முகவரி வழங்க முற்பட்டாற் குழப்பம் உண்டாகும். பழையதில் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, அதற்கு வீட்டு ரவுட்டரினின்று வேறுபட்ட இலக்கத்தைக் கொடுத்து, கேபிளை இணையம் வரும் தனித் துளையிலன்றி ஏனைய துளைகளுள் ஒன்றிற் செருகுக. வீட்டுப் பெட்டி 2.4இல் 1ஆம் வரிசையில் இயங்கின், பம்பறையினதை 6இலோ 11இலோ வைக்க. கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை இரண்டிலும் மாற்றுக. வேலிக்கு வெளியே வீதியிலும் அலை பரவுமாதலால், பம்பை நிறுத்தவல்ல கருவியை அயலாருக்குத் திறந்து வைத்தல் தகாது.

மின்தடை வேளையில் ரவுட்டரும் அணையும். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதைக் கமக்காரர் மறந்திரார். ரவுட்டருக்கென விற்கப்படும் சிறு பற்றரிப் பெட்டியொன்று சில மணித்தியாலங்களுக்கு அதனை இயக்கும். இரு முனைக்கும் ஒவ்வொன்று வேண்டும். அங்ஙனம் செய்தால், மின்சாரம் நின்ற செய்தியாவது கமக்காரரை அடையும். அவர் மண்ணெண்ணெய்ப் பம்பைக் கொண்டு நீர் விடலாம்.

கடைசியாய்ச் செய்யவேண்டிய பரீட்சை ஒன்றுண்டு. ஒரு காலையில் வீட்டு ரவுட்டரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, குறித்த நேரத்திற் பாசனக் கருவி தானாகவே பம்பை இயக்குகின்றதா எனப் பம்பறையில் நின்று பார்க்க. இயக்காவிடின், அதன் நேரக்கணக்கு இணையத்திற் தங்கியுள்ளது என்பது பொருள். நேரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கருவியாக அதனை மாற்றிய பின்னரே அடுத்த நடுகையைத் தொடங்குக.