தாத்தா எழுதிய தமிழ் எங்கே போயிற்று?
பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்!

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருக்கிறது. வீட்டில் ஒரே குதூகலம். பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் பேரன் புதியதற்கு மாற்றிவிட்டான்.

தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

"கண்ணா, நம்ம குடும்பக் கதைன்னு ஒண்ணு டைப் அடிச்சு வச்சிருந்தேனே, அதைத் திற, பார்க்கலாம்."

பேரன் திறக்கிறான். திரையில் தமிழைக் காணோம்! ஒரே ஆங்கில எழுத்து. நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி.

"தாத்தா, இதுல ஒண்ணுமே புரியலையே!"

தாத்தாவின் முகம் வாடிவிடுகிறது. அவருடைய அப்பா பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்த கதை, பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை, எல்லாம் அதில்தான் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ராப்பகலாக உட்கார்ந்து அடித்தது. எல்லாம் போயிற்றா?

போகவில்லை. எழுதியது அப்படியே இருக்கிறது. படிக்கும் சாவிதான் தொலைந்துவிட்டது.

இது ஒரு வீட்டுத் தொல்லை அல்ல. பழைய தமிழ் பைல்கள் இருக்கும் இடமெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. தியாகராய நகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்கும் வரலாம். அடையாற்றில் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கும் வரலாம்.

இப்போது ஏன் அவசரம்?

மைக்ரோசாப்ட் கம்பெனி, விண்டோஸ் 10 மென்பொருளுக்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அடுத்தது விண்டோஸ் 11. பழைய கம்ப்யூட்டர்களில் பல அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே பல வீடுகளில் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியிருக்கிறது.

அப்படி மாற்றும்போது பைல் புதிய கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஆனால் பழைய எழுத்துரு வராது. அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோளாறு அங்கேதான்!

பழைய நம்பர், புதிய நம்பர்

கம்ப்யூட்டருக்கு 'அ' தெரியாது, 'ஆ' தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்து எழுத்தின் வடிவத்தைத் திரையில் வரைவது எழுத்துரு. 'ஃபான்ட்' என்று சொல்வது இதைத்தான்.

அந்த நாளில் தமிழுக்கு எல்லாரும் ஏற்ற பொது எண் பழக்கத்தில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்தார்கள். 'பாமினி' என்று ஓர் எழுத்துரு. அதில் 'அம்மா' என்று எழுதிய பைலைப் பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன தெரியும்? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அம்மாவைக் காணோம்!

எல்லா எழுத்துருவிலும் ஒரே ஒழுங்கு இருந்தாலாவது பரவாயில்லை. அதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு!

சென்னைவாசிகளுக்கு இது எளிதில் புரியும். வீட்டுக் கதவில் பழைய நம்பர் ஒன்று, புதிய நம்பர் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறோம் அல்லவா? ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் இஷ்டப்படி நம்பர் போட்டுக்கொண்டால் தபால்காரர் என்ன செய்வார்? அப்படித்தான் இருந்தது கம்ப்யூட்டர் தமிழின் நிலை.

ஒரே கணக்கு வந்தது

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' என்ற மாநாடு கூடியது. தமிழ் அடிப்பதற்கு 'தமிழ் 99' என்ற பொதுக் கீபோர்டு முறை அதன் வழியே வந்தது.

எழுத்துக்கு எண் கொடுப்பதிலும் உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு பரவியது. அதன் பெயர் யூனிகோடு. தமிழில் 'ஒருங்குறி' என்கிறோம். உலக மொழிகளுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2010-ல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

ஒருங்குறியில் எழுதினால் கவலை இல்லை. மயிலாப்பூரில் அடித்ததை மலேசியாவிலும் படிக்கலாம், கைப்பேசியிலும் படிக்கலாம். பழைய பைல்களை இந்தப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். வேலை முடிந்தது!

செய்ய வேண்டிய 5 காரியங்கள்

1. முதலில் சோதியுங்கள். பழைய பைலைத் திறந்து, சில வரிகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை 'நிர்மலா யூ.ஐ.' என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி. ஆங்கிலமாகவோ கிறுக்கலாகவோ மாறினால் அது பழைய கணக்கு.

2. எழுத்துருவின் பெயரைக் குறித்து வையுங்கள். எழுத்தின்மேல் சொடுக்கினால் மேலே உள்ள சிறு கட்டத்தில் அந்தப் பெயர் தெரியும். அதுதான் சாவி. பழைய கம்ப்யூட்டரில் 'ஃபான்ட்ஸ்' என்ற அறையில் இருக்கும் அந்த எழுத்துருவையும், பைல்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மாற்றுங்கள். அடையாற்றுக்குப் பக்கத்திலே, கோட்டூர்புரத்தில் இருக்கிறது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2001-ல் தொடங்கிய அரசு நிறுவனம். அது 'தமிழிணையம் ஒருங்குறி மாற்றி' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. சென்னையிலேயே உருவான 'அழகி', 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' ஆகியவையும் இந்த வேலையைச் செய்யும். பழைய எழுத்துருவின் பெயரைச் சொன்னால் போதும், புதுக் கணக்கில் தந்துவிடும். எதையும் அதனதன் சொந்த இணையதளத்திலிருந்தே எடுங்கள். விளம்பரத்தைத் தொட்டு எடுக்காதீர்கள்.

4. ஒரு முறை படித்துப் பாருங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், சில சமயம் அதுவும் தமிழாக மாறிக் கன்னாபின்னா என்று ஆகிவிடும். அதைத் திருத்துங்கள். மூல பைலை மட்டும் அழிக்காதீர்கள்.

5. இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று உங்கள் மின்னஞ்சலில். சொத்து விவரம், வங்கிக் கணக்கு உள்ள பைலை முகம் தெரியாத இணையதளத்தில் போட்டு மாற்றாதீர்கள்.

பைலே இல்லை, அச்சடித்த காகிதம்தான் இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. காகிதத்தைப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, 'கூகுள் டாக்ஸ்' மூலம் திறந்தால் படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தமிழிலேயே தரும். பிழை இருக்கும். திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி எழுதுவது எப்படி?

புதிதாக எழுதும்போது தமிழ் 99 முறையைப் பழகுங்கள். விண்டோஸ் 11-லேயே அது இருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம். 'செட்டிங்ஸ்' சென்று தமிழ் மொழியைச் சேர்த்து, கீபோர்டில் 'தமிழ் 99' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பொத்தானையும் இடைவெளிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

247 எழுத்துக்கு எத்தனை பொத்தான் என்று மலைக்க வேண்டாம். 31 பொத்தான்தான்! உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று 4 முறை தட்டினால் போதும். புள்ளி தானே விழும். 'தம்பி'க்கும் அப்படியே: த, ம, ப, இ. டைப்ரைட்டிங் பழகியவர்கள் பழைய முறையிலேயே அடிக்க விரும்பினால் 'அழகி'யில் அதற்கும் வசதி உண்டு.

அடிக்கவே வராது என்கிற பாட்டிமார்களுக்கும் ஒரு நல்ல செய்தி. கைப்பேசியில் பேசினால் தமிழில் எழுதிவிடும் வசதியைக் கூகுள் 2017-ல் கொண்டுவந்தது. பாட்டி கதை சொன்னால் போதும், எழுத்து தானே வரும்!

அன்று கரையான், இன்று மறதி

பழந்தமிழ் நூல்கள் பல ஓலைச்சுவடியோடு அழிந்தன. மிஞ்சியதைக் காப்பாற்ற உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் பெயரால் அமைந்த நூலகம் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது.

அன்று ஓலையைக் கரையான் தின்றது. இன்று பைலைத் தின்பது நம் மறதி. ஓலையைத் தேடி அவர் நடந்தார். நாம் நடக்கவும் வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் செலவிட்டால் போதும்.

அந்த மாடவீதி வீட்டுப் பேரனும் அதைத்தான் செய்கிறான். எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து, பைலை மாற்றுகிறான். ஆங்கிலக் கிறுக்கல் மறைகிறது. தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். "நீயே படிடா கண்ணா, பாட்டியும் கேட்கட்டும்" என்கிறார்.

உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது? திறந்து பாருங்கள்.