குளிரில் டிரக்டர் ஓட்டும் தம்பிமாருக்கு

தை, மாசி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலை எப்படி இருக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. 6,000 அடி உயரத்தில், மேகமில்லாத இரவுகளில் புல்லில் உறைபனி விழும், கொழுந்து கருகும். மலைக்குப் போகிறவர்கள் நடந்தாவது சூடாகிறார்கள். டிரக்டர் டிரைவர் உட்கார்ந்த இடத்திலேயே காற்றை வாங்கிக்கொண்டு போகிறார். 1964இல் வந்த மெசி பெர்குசன் 135 போன்ற பழைய வண்டிகள் பலவற்றுக்குக் கூடும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

"பழகிப் போச்சுங்க ஐயா" என்பார்கள். நடுங்குவது பெரிய காரியமில்லை. கை கால் மரத்துப் போவதுதான் ஆபத்து. மரத்த காலுக்கு பிரேக்கை எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாது. நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஸ்டோருக்கு இறங்கும் வளைவில், சிலிப்பர் போட்ட ஈரக் கால் பெடலிலிருந்து வழுக்கி, டிரெய்லர் கானுக்குள் சரிந்தது. கொழுந்து மூட்டைகளின் மேல் நாலு பேர் ஏறியிருந்தார்கள். அப்படி ஏற்றவே கூடாது. ஒரு அக்காவுக்குக் கை முறிந்ததோடு தப்பியது.

ஆகையால் முதலில் காலைக் கவனியுங்கள். கம்பளிக் காலுறையும் சப்பாத்தும் வேண்டும். சப்பாத்து இறுக்கினால் இரத்தம் ஓடாது, காலுறை இரண்டு போட்டும் பிரயோசனமில்லை. இரும்பு சீட் உடம்புச் சூட்டை இழுக்கும். கோணிச்சாக்கை நாலாக மடித்து அதில் இறுக்கிக் கட்டுங்கள். தடித்த கோட்டு ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்று நல்லது, நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நெஞ்சுக்குப் பழைய பேப்பர் வைக்கும் பெரியவர்களின் வழக்கமும் சரியானதே. மேலே காற்றுப் புகாத ரெயின்கோட். கையுறை தோலாக இருக்கட்டும், கம்பளி ஸ்டியரிங்கில் வழுக்கும்.

மஃப்ளரை மட்டும் தொங்கவிட வேண்டாம். தண்ணீர் இறைக்கவோ விறகு அறுக்கவோ வண்டியின் பின்னால் சுழலும் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 தடவை சுற்றும். நுனி மாட்டினால் கழுத்தை எடுக்க நேரமிருக்காது. போர்த்திய கம்பளிக்கும் இதே கதைதான். தலைக்குக் குல்லாய் போதும்.

பொனட்டின் இரண்டு பக்கமும் படங்கு கட்டினால் எஞ்சின் சூடு டிரைவர் பக்கம் வரும். ஆனால் அது புகைக்குழாயிலும் காற்றாடியிலும் படக்கூடாது, சூட்டு மீட்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர் காய்வதற்காக ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். எஞ்சின் பிடிக்கவில்லை என்று அடியில் சீலையைக் கொளுத்துவதும் வேண்டாம்.

"ஒரு சொட்டு போட்டாத்தான் கை வெளங்கும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். சாராயம் இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவருகிறது, அதனால் சூடு போலத் தெரிகிறது. உண்மையில் உள்ளே இருந்த சூடுதான் வெளியே போகிறது. வளைவில் கண்ணும் பிந்தும்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம் சீட்டிலேயே குந்தியிருக்காமல், வண்டியை நிறுத்திப் பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, இறங்கி நடந்து, சீனி போட்ட தேத்தண்ணி ஒன்று குடியுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்குப்பிள்ளைமார் குறையாக எடுக்கக்கூடாது என்று அவர்களையும் இதன் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.