பத்தாவது தொழிலாளி எங்கே?

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கொலு பொம்மைகள், கிறிஸ்துமஸ் குடில் உருவங்கள், அகல் விளக்குகள், மின்சாரத் துறைக்கான பீங்கான் பொருள்கள் எனப் பலவும் அங்குள்ள தொழிற்பேட்டையிலிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. இத்தொழிலைக் கற்பிக்க அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் அங்கே இருக்கிறது. அச்சில் வார்ப்பது, பிசிறு நீக்குவது, மெருகுப் பூச்சு இடுவது, வண்ணம் தீட்டுவது, சூளையில் அடுக்குவது என்று ஒவ்வொரு பொம்மையும் பல கைகளைக் கடந்தே கடைக்கு வருகிறது. அந்தக் கைகளில் பல, சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தவை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலைப் பேருந்தில் விருத்தாசலத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். அவர் வேலை செய்யும் பட்டறையில் எட்டுப் பேர். கூலி உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வாரம்தோறும் கிடைக்கிறது. ஒரு மாதம் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்துவிட்டால் அவருக்கு இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, மருத்துவச் செலவு. மற்றொன்று, வராத கூலி. முதல் இழப்பைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவது இழப்பைப் பற்றிப் பேசுவதேயில்லை.

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, இப்போது குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று பெரிய நோய்கள் வரும்போது இந்த அட்டை காப்பாற்றிய குடும்பங்கள் ஏராளம். ஆனால், அந்தப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. தொழிலாளியின் வீட்டு அடுப்பு எரிவதற்கு அதில் வழியில்லை.

அந்த வழியைக் கொண்டது இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில், 1948-இல் இதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு இதனைத் தொடங்கிவைத்தார். தமிழகத்தில் 1955-இல் கோவையில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்தையும், நோயால் இழந்த கூலியையும் சேர்த்துக் காப்பதே அதன் அடிப்படைக் கொள்கை.

இதன் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்தில் வருவர். 2019 ஜூலை முதல் ஊதியத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்த வேண்டும். நாம் நினைத்துப் பார்த்த பெண்ணின் மாதக் கூலி 12,000 ரூபாய் என்று கொள்வோம். அவர் பங்கு 90 ரூபாய். முதலாளியின் பங்கு 390 ரூபாய். இந்த 480 ரூபாய்க்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி கிடைக்கும். வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும்.

ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தியிருந்தால், அதற்குரிய பயன்பெறு காலத்தில் நோயுறும்போது நாள் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள்கள் வரை இதனைப் பெறலாம். நாளுக்கு 400 ரூபாய் கூலி என்றால் 280 ரூபாய். காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, உரிய பணிக்கால நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கவும் ஏற்பாடு உண்டு. மகப்பேறு என்றால் 26 வாரங்களுக்கு முழுக் கூலி. மேற்கண்ட கணக்கின்படி அது 72,800 ரூபாய். மாநில அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வழங்கும் மகப்பேறு உதவியின் மதிப்பு 18,000 ரூபாய். அந்த உதவி பெரிது. ஆனால் உழைப்பின் பேரில் வரும் உரிமை அதைவிட நான்கு மடங்கு பெரிது என்பதைத் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இந்த உரிமை அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? காரணம், பத்து என்ற ஓர் எண். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே இஎஸ்ஐ கட்டாயம். எட்டுப் பேர் உள்ள பட்டறை அதற்கு வெளியே நிற்கிறது. பன்னிரண்டு பேர் உள்ள பட்டறைகூட இரண்டு பெயர்களில் ஆறு ஆறு பேராகப் பிரிந்துகொண்டால் ஏட்டில் வெளியேறிவிடலாம். உருப்படிக் கூலிக்காரர்களையும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களையும் கணக்கில் காட்டாமல் விடுவதும் உண்டு. சட்டப்படி அவர்களும் தொழிலாளர்களே. ஆனால் பதிவேட்டில் பத்தாவது தொழிலாளி காணாமல் போகிறார். அவரோடு மற்ற ஒன்பது பேரின் காப்பீடும் போகிறது.

எண்ணை வைத்து உரிமையைப் பிரிக்கும் சட்டம் எங்கும் இதே சிக்கலைச் சந்திக்கிறது. அமெரிக்காவில் 2010-இல் இயற்றப்பட்ட மருத்துவச் சீர்திருத்தச் சட்டம், 50 முழுநேர ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் அவர்களுக்குக் காப்பீடு அளிக்க வேண்டும், இல்லையேல் அபராதம் செலுத்த வேண்டும் என்றது. வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் வேலை செய்தால் முழுநேர ஊழியர் என்பது வரையறை. உடனே எழுந்த கேள்வி, குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரத்தை 29 மணியாகக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான். அங்கே மணிக்கணக்கு, இங்கே தலைக்கணக்கு.

பீங்கான் தொழிலில் இந்தத் தலைக்கணக்கு மிகவும் ஆபத்தானது. பீங்கான் கலவையில் களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்கின்றன. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. உலர்ந்த உருவத்தின் பிசிறைத் தேய்க்கும்போதும், தரையைப் பெருக்கும்போதும், கலவை மாவைக் கொட்டும்போதும் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று தங்குகின்றன. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்தே அது வெளிப்படுகிறது. சிலிக்கோசிஸ் உள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டையும் ஒன்றாகக் கருதிக் காசநோய்க்கு மட்டும் சிகிச்சை அளித்துவிடுவதும் நேர்கிறது. குஜராத்தின் மோர்பி, தான்கட் பீங்கான் தொழிற்பகுதிகளின் தொழிலாளர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது.

சிலிக்கோசிஸ் தொழில்சார் நோய். இஎஸ்ஐ சட்டத்தின் அட்டவணையிலேயே அது இடம்பெற்றிருந்தது. வேலையில் நேர்ந்த காயத்துக்குச் சமமாகக் கருதி, உழைக்க இயலாத காலத்துக்குக் கூலியில் 90 சதவீதமும், நிரந்தரமாக உழைக்கும் திறன் குறைந்தால் அந்த இழப்பின் அளவுக்கேற்ப வாழ்நாள் உதவியும், இறந்தால் சார்ந்தோருக்கு உதவித்தொகையும் தருவது திட்டத்தின் விதி. ஆனால், பதினைந்து ஆண்டுகளில் நான்கு பட்டறைகள் மாறிய ஒருவர், எங்கே எத்தனை ஆண்டு தூசியில் நின்றார் என்பதை எதைக் கொண்டு நிறுவுவார்? அவர் கையில் சம்பளச் சீட்டு இல்லை. நியமனக் கடிதம் இல்லை. காப்பீட்டு எண் ஒன்று இருந்திருந்தால், அதன் ஒவ்வொரு மாதப் பதிவும் அவருக்குச் சாட்சியாக நின்றிருக்கும். மாதம் 90 ரூபாயில் கிடைப்பது மருந்து மட்டுமில்லை, உழைத்ததற்கான ஆவணமும்கூட.

இந்நிலையை மாற்ற இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இஎஸ்ஐ சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இணைக்கப்பட்டது. பத்துப் பேர் என்ற பொது வரம்பு அதிலும் தொடர்கிறது. ஆனால் இரண்டு கதவுகள் திறக்கப்பட்டுள்ளன. முதலாவது, பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒப்புக்கொண்டால், தாமாக முன்வந்து சேரலாம். இரண்டாவது, மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழில் என்றால், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இஎஸ்ஐ பொருந்தும்.

இரண்டாவது கதவே விருத்தாசலத்துக்கு உரியது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட ஆபத்தான செயல்முறைகளின் பட்டியலில் கண்ணாடியும் பீங்கானும் இடம்பெற்றன. ஆபத்து என்று சட்டமே ஒப்புக்கொண்ட தொழிலில், எட்டுப் பேர் என்பதால் தூசி குறைந்துவிடுவதில்லை. ஆகவே, ஒற்றைத் தொழிலாளிக்கும் இஎஸ்ஐ பொருந்தும் தொழில்களின் வரிசையில் சிறு பீங்கான் பட்டறைகளும் ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும். தமிழக அரசும் மாவட்ட நிர்வாகமும் இதனை வலியுறுத்த வேண்டும்.

சிறு முதலாளிகளின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எரிபொருள் விலை, பருவகால விற்பனை, மலிவான வெளிச்சரக்கு ஆகியவற்றுக்கு நடுவே எட்டுப் பேருக்கு மாதம் 3,120 ரூபாய் என்பது அவர்களுக்குச் சுமைதான். ஒருவர் மட்டும் செலுத்தி, பக்கத்துப் பட்டறைக்காரர் செலுத்தாவிட்டால், நேர்மையானவரின் பொம்மைக்கே விலை ஏறும். அதனால்தான் தாமாக முன்வருதல் என்ற முதல் கதவு மட்டும் போதாது. தொழிற்பேட்டை முழுவதும் ஒரே நாளில் சேர வேண்டும். இன்னொன்றையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். இஎஸ்ஐ இல்லாத இடத்தில், வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியின் தலையிலேயே விழுகிறது. காப்பீடு இருந்தால் அப்பொறுப்பைக் கழகம் ஏற்கிறது. ஒரே ஒரு பெரிய இழப்பீட்டு வழக்கு ஒரு சிறு பட்டறையை மூடிவிடும். மாதம் 3,120 ரூபாய் மூடாது.

இஎஸ்ஐ மருந்தகங்களின் தொலைவு, காத்திருப்பு, மருந்துத் தட்டுப்பாடு பற்றிய குறைகள் பொய்யல்ல. கிராமத்திலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து மருந்தகம் தேடி அலைய வேண்டுமென்றால் யாரும் 90 ரூபாய் கொடுக்க விரும்பமாட்டார்கள். எனவே பதிவு முகாமோடு, தொழிற்பேட்டைக்கு அருகிலேயே சிகிச்சைக்கான ஏற்பாடும் வர வேண்டும். புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்லும் இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனையில், பீங்கான் தொழிலாளர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் கட்டாயம் சேர வேண்டும்.

தொழிலாளர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நியமனக் கடிதம் கேட்பது இப்போது சட்டம் தந்த உரிமை. கூலியில் பிடித்தம் செய்யப்பட்டால் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். பிடித்த பணத்தை முதலாளி செலுத்தாமல் போனாலும், தொழிலாளிக்கு உரிய பயனைக் கழகம் கொடுத்துவிட்டு அதனை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் கொலுப் படிகளில் நாம் அழகாக அடுக்கும் பொம்மைகளை எண்ணிவிடலாம். அவற்றைச் செய்தவர்களை அரசின் ஏடு இன்னும் முழுதாக எண்ணவில்லை. எட்டுப் பேர் உள்ள பட்டறையில் பத்தாவது தொழிலாளி வரும்வரை காத்திருக்காமல், முதல் தொழிலாளியிலிருந்தே எண்ணத் தொடங்குவோம்.