ஆட்டி எடுத்த படத்தில் மணிக்கோர்வை

படம் ஆடிப்போச்சுன்னா அழித்துவிடுவோம். வேண்டுமென்றே ஆட்டி எடுப்பதும் ஒரு முறைதான். ஷட்டர் திறந்திருக்கும் கால் நொடி, அரை நொடிக்குள் கேமராவை மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ நகர்த்தணும். எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களில் ஸ்பெயின் காளைச் சண்டைகளை மெதுவான ஷட்டரில், வண்ணத்தில் எடுத்தார். 1962-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் படங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது.

‘ஓசூர்ல எடுக்க என்ன இருக்கு, கம்பெனியும் லாரியும்தானே’ என்பார்கள். இந்த முறைக்கு அதுதான் சரக்கு.

கர்நாடக எல்லைக்கு முன்னால், ஜூஜூவாடிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக இரவில் நின்று, ஷட்டரைக் கால் நொடிக்கு வைத்து, கேமராவைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்க. லாரியின் பழைய ஹாலஜன் முகப்பு விளக்கு அறுபடாத கோடாக விழும். மஞ்சள் சோடியம் தெருவிளக்கு மணி கோர்த்த மாதிரி விட்டுவிட்டு விழும். லாரி விளக்கு ஓடுவது பேட்டரியில், நேர்மின்னோட்டம். தெருவிளக்குக்கு வருவது நொடிக்கு 50 சுற்று மாறும் மின்சாரம். ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு தடவை பிரகாசமாகி மங்கும். நொடிக்கு 100 என்றால் கால் நொடியில் 25 மணி. எண்ணிப் பார்க்கலாம், சரியாகவே வரும்! சில புதுக் கார்களின் பின்விளக்கும் புள்ளி புள்ளியாக வரும். அங்கே காரணம் வேறு: வெளிச்சத்தைக் குறைப்பதற்காக எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகிறார்கள். கண்ணுக்கு இதெல்லாம் ஒரே வெளிச்சம்தான்.

பகலில் வெளிச்சம்தான் தொல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலும் நொடியில் 125-ல் ஒரு பங்கு போதும். அதை அரை நொடியாக்க, ஒளியை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் வேண்டும். தைலமரத் தோப்பில் மேலும் கீழுமாக நகர்த்தினால் அடிமரங்கள் நிற்கும், இலைகள் கரையும். பக்கவாட்டில் ஆட்டினால் எல்லாம் கூழ். பொருளில் இருக்கும் கோட்டோடு கை போகணும், அவ்வளவுதான்.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்களையும் இப்படி எடுக்கலாம். முகம் தெரியாது, சீருடையின் நிறமும் நடையின் சாய்வும் மிஞ்சும். அடையாளம் தெரியாதது அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இடமும் சேர்ந்தே அழிகிறது. அந்த நீலக் கோடுகளை யாராவது கடல் என்று மாட்டி வைக்கலாம். அதனால் நான் இந்தப் படங்களுக்கு ‘தலைப்பில்லை’ என்று போடுவதில்லை. சிப்காட், காலை ஷிப்ட், அரை நொடி என்று கீழே எழுதிவிடுகிறேன்.