தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: உழவருக்கு என்ன பயன்?

தண்ணீரிலிருந்து எரிபொருள் எடுக்கலாம் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கு நீர் இறைக்கும் உழவர்கள், "நம் மோட்டாருக்கு இது உதவுமா?" என்று எண்ணுவது இயல்பே.

பிரியும் விதம்

தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்த பொருளாகும். காரம் கலந்த நீரில் இரு மின்தகடுகளை வைத்து நேர்மின்சாரம் செலுத்தினால் ஒன்றில் ஹைட்ரஜனும் மற்றதில் பிராணவாயுவும் குமிழ்களாக வெளிவரும். இதுவே மின்பகுப்பு. 9 லிட்டர் நீரிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 50 யூனிட்.

மோட்டாருக்கு ஏற்றதா?

50 யூனிட்டில் 5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 11 மணி நேரம் ஓடும். அதையே ஹைட்ரஜனாக்கி, மீண்டும் மின்சாரமாக்கினால் 16 முதல் 20 யூனிட்டே திரும்பும்; மோட்டார் சுமார் 4 மணி நேரமே ஓடும். ஹைட்ரஜன் மின்சாரத்தைச் சேமிக்கும் குதிர் போன்றது. போட்டதில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். ஆகவே நீர் இறைக்கச் சூரியசக்தி மோட்டாரே சிக்கனம். "தண்ணீரிலேயே என்ஜின் ஓடும்" என்று கருவி விற்க வருவோரிடம் இக்கணக்கைக் கேளுங்கள். வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். காற்றுடன் கலந்த ஹைட்ரஜன் சிறு பொறியிலும் வெடிக்கும்.

உர மூட்டையில் பயன்

அம்மோனியா தயாரிக்க ஹைட்ரஜன் தேவை. அம்மோனியாவிலிருந்தே யூரியா வருகிறது. இன்று அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது. அவ்வாயுவில் பெரும்பகுதி இறக்குமதியாகிறது.

ஏக்கருக்கு 70 தென்னை, மரத்துக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா என்றால் 45 கிலோ மூட்டை இரண்டு வேண்டும். அதற்கான ஹைட்ரஜன் 9 கிலோ. அதை நீரிலிருந்து எடுக்க 81 லிட்டர் நீர் போதும். கோடையில் ஒரு மரத்துக்கு ஒரு நாள் விடும் சொட்டுநீர் அளவுதான். ஆனால் மின்சாரமோ 450 யூனிட்! நீரன்று, மலிவான மின்சாரமே தடை.

இது புதிய முறையன்று. பஞ்சாபில் நங்கல் உர ஆலை 1961-இல் பக்ரா அணை மின்சாரத்தால் நீரைப் பிரித்தே உரம் தயாரித்தது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. இன்று அவ்வாலை இயற்கை வாயுவில் இயங்குகிறது. இப்போது காற்றாலை, சூரிய மின்சாரம் மலிந்துள்ளதால் மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்வதே இலக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் உடுமலைக் காற்றாலைகளைப் போன்றவையே இதற்கு அடிப்படை.

அதுவரை நம் கையில் உள்ளது சிக்கனமே. மண் பரிசோதனை செய்து, யூரியாவை இரு தவணையாகப் பிரித்து, வட்டப்பாத்தியில் ஈரம் இருக்கும்போது இட்டு, மண்ணைக் கிளறி மூடுங்கள். வீணாகாத ஒவ்வொரு கிலோ யூரியாவும் மிச்சமான ஆற்றலே ஆகும்.